வேன் கூரையில் வளையும் சோலார் பேனல்: இரண்டு கோடைகளுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

எங்கள் கேம்பர் வேனின் கூரையில் இப்போது 100 வாட் வளையும் சோலார் பேனல்கள் இரண்டு இருக்கின்றன. பேருந்துகளுக்குப் பாடி கட்டுவதில் பெயர்பெற்ற கரூரில், ஒரு சிறிய பட்டறையில் 2023 ஜூலையில் அவற்றைப் பொருத்தினோம். அதன்பின் இரண்டு கத்திரி வெயிலையும் இரண்டு ஐப்பசி மழையையும் வண்டி பார்த்துவிட்டது. ஆகவே, வாங்கிய கையோடு மகிழ்ச்சியில் எழுதும் குறிப்பாக இல்லாமல், பயன்படுத்தித் தெரிந்துகொண்டதை எழுத முடிகிறது. இதற்கு முன் 2022 ஜனவரியில் வேறோர் இடத்தில் ஒட்டிய இரண்டு பேனல்கள் பதினாறே மாதங்களில் பயனற்றுப்போயின. இரண்டு முறையும் வாங்கியது ஏறக்குறைய ஒரே வகைப் பொருள்தான். மேலுறையும் ஒட்டிய விதமும்தான் வேறு. அதனால் பேனலை மட்டும் தனியே மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை. பேனலையும் அதை ஒட்டிய கைவேலையையும் சேர்த்தே சொல்கிறேன்.

வண்டி ஒரு பழைய ஃபோர்ஸ் டிராவலர். பயணிகள் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டில், சிறிய சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, 12 வோல்ட்டில் ஓடும் 40 லிட்டர் குளிர்பெட்டி ஆகியவற்றை அமைத்திருக்கிறோம். ஊரில் எல்லோரும் இதைக் கேரவன் என்றே சொல்கிறார்கள். படப்பிடிப்புத் தளங்களிலிருந்து வந்த அந்தச் சொல் பேச்சில் நிலைத்துவிட்டது. வண்டியின் அமைப்பை இப்படி மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்புதல் பெற்று ஆர்.சி.யில் பதிந்துகொள்ள வேண்டும் என்பதை, இதுபோல் வண்டி அமைக்க நினைப்பவர்கள் முதலிலேயே கவனத்தில் கொள்ளட்டும்.

அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் கொண்ட வழக்கமான பேனலை விட்டுவிட்டு வளையும் பேனலுக்கு ஏன் போனோம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கண்ணாடிப் பேனல் ஒவ்வொன்றும் ஏழெட்டுக் கிலோ வரும். அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் தனி எடை. வளையும் பேனல் சுமார் இரண்டு கிலோதான். தடிமன் மூன்று மில்லிமீட்டர் அளவே. எங்கள் கூரை இரு ஓரங்களிலும் சரிந்து வளைந்திருப்பதால், தட்டையான சட்டத்தை அமர்த்த வேண்டுமானால் தகட்டில் எட்டு இடங்களிலாவது துளையிட வேண்டியிருந்தது. துளை என்றால் மழைக்கு ஒழுகல், ஒழுகல் என்றால் துரு. இதற்கும் மேலாக, வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் கிராமச் சாலைகளிலும் தாழ்ந்து தொங்கும் கிளைகள் கூரையை உரசிக்கொண்டே இருக்கும். அங்கே கூரைக்கு மேல் பத்துச் சென்டிமீட்டர் நீட்டி நிற்கும் எந்தப் பொருளும் ஒருநாள் அடிவாங்காமல் போகாது.

முதல் முறை நேர்ந்ததை இனிச் சொல்கிறேன். விற்பனையாளர், பேனலின் அடிப்பரப்பு முழுவதும் பசை தடவிக் கூரைத் தகட்டிலேயே நேரடியாக ஒட்டிவிடலாம் என்றார். பொருத்தியவர்களும் அப்படியே செய்து, நான்கு ஓரங்களையும் சிலிகானால் இடைவெளியின்றி அடைத்துவிட்டார்கள். பார்வைக்கு மிக அழகாக இருந்தது. கூரையோடு கூரையாக, வண்டியோடு பிறந்தது போலவே தெரிந்தது. முதல் கோடையில் மேலுறை மெல்ல மஞ்சள் படிந்தது. அடுத்த கோடையில், வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும் செல்களுக்கு மேலே கொப்புளங்கள் எழுந்தன; ஒரு பேனலில் பழுப்பு நிறக் கோடுகள் ஓடின. 2023 மே மாதத்தில் ஒரு பேனல் மின்சாரம் தருவதை அடியோடு நிறுத்தியது; மற்றது நண்பகல் வெயிலில் 40 வாட்டைத் தாண்டவில்லை. உத்தரவாதம் ஓராண்டுக்குத்தான் என்பதால் கேட்கவும் வழியில்லை.

பழைய பேனல்களை உரித்து எடுத்தபோதுதான் காரணங்கள் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன. கூரைத் தகடு சமதளம் அல்ல. உறுதிக்காக நெடுக்கில் வரிவரியாக மேடுகள் உண்டு. பேனல் அந்த மேடுகளின்மேல் ஒட்டிக்கொண்டு, நடுவிலுள்ள பள்ளங்களில் தாங்குதலின்றி நின்றிருக்கிறது. வண்டி ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தத் தொங்கும் பகுதி அதிர்ந்துகொண்டே இருந்திருக்கும். வளையும் பேனல் என்ற பெயரைக் கேட்டு உள்ளே இருக்கும் செல்லும் வளையும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது மெல்லிய சிலிக்கான் வில்லை. கண்ணாடிப் பேனலில் இருக்கும் அதே பொருள். அப்பளத்தைத் துணியில் சுற்றி வைத்தால் துணி மடங்கும், அப்பளம் நொறுங்கும். ஒருமுறை மெதுவாக வளைத்து அப்படியே நிலையாக ஒட்டிவிட்டால் செல் பொறுத்துக்கொள்கிறது. திரும்பத் திரும்ப வளைந்து நிமிர்வதைத்தான் அது தாங்குவதில்லை. மயிரிழை விரிசல் விழுந்த செல் மற்ற செல்களின் மின்னோட்டத்துக்குத் தடையாகி, அந்த இடமே சூடேறுகிறது. பழுப்புக் கோடுகளும் கொப்புளங்களும் அப்படி வந்தவைதாம்.

இரண்டாவது காரணம் வெப்பம். நம் ஊருக்கு இதுதான் முதன்மையானது என்று இப்போது கருதுகிறேன். பேனலில் அச்சிட்டிருக்கும் 100 வாட் என்பது செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது ஆய்வுக்கூடத்தில் அளந்த அளவு. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் செல் ஏறத்தாழ 0.35 முதல் 0.4 சதவீதம் வரை திறனை இழக்கிறது. தகட்டோடு ஒட்டிய பேனலுக்கு அடியில் காற்றே புகாது. சித்திரை வெயிலில் நின்ற வண்டியின் பேனலை, கையில் பிடிக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தபோது 78 டிகிரி காட்டியது. அதாவது 50 டிகிரிக்கு மேல் கூடுதல். ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் வெப்பத்திலேயே போய்விடுகிறது. வெயில் உச்சத்தில் இருக்கும் நேரமே பேனல் தளர்ந்துபோகும் நேரமாகவும் ஆகிறது. கண்ணாடிப் பேனலைச் சட்டத்தின்மேல் உயர்த்தி வைக்கும்போது அடியில் ஓடும் காற்று செய்துவந்த உதவி, ஒட்டிய பேனலுக்குக் கிடைப்பதில்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு. இதை எந்த விற்பனையாளரும் சொல்லி நான் கேட்டதில்லை. பசை எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், அது பிடித்துக்கொள்வது தகட்டை அல்ல, தகட்டின் மேலிருக்கும் பெயின்டை. எங்கள் வண்டிக்கு முந்தைய உரிமையாளர் மேலோட்டமாக மறுபெயின்ட் அடித்திருந்தார். முன்பக்க மூலை ஒன்று காற்றில் தூக்கியபோது, பசை பேனலோடு உறுதியாக ஒட்டியபடியே இருந்தது. உரிந்து வந்தது பெயின்ட்தான்.

இத்தனையும் பார்த்த பிறகு வளையும் பேனலே வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தேன். அந்த முடிவை மாற்றியது கரூர்ப் பட்டறை மேஸ்திரி. வானிலைச் செய்திகளில் அதிக வெப்பம் பதிவான ஊர்களின் பட்டியலில் கரூர் பரமத்தி என்ற பெயர் அடிக்கடி வருவதை நாம் கேட்டிருக்கிறோம். அந்த வெயிலில் தகட்டு வேலை செய்பவர்களுக்குக் கூரையின் சூடு ஏட்டுச் செய்தியல்ல. பழைய பேனல்களைப் பார்த்ததும் அவர் சொன்னது இதுதான்: "தகரத்து மேல தகரமா ஒட்டிப்போட்டாங்க சார். நடுவுல மூச்சு விட எடமே இல்லீங்களே."

அவர் யோசனைப்படி பேனலுக்கும் கூரைக்கும் இடையே 6 மில்லிமீட்டர் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் ஷீட்டை வைத்தோம். வாகன நிறுத்தக் கூரைகளுக்கும் செடி வளர்க்கும் குடில்களுக்கும் போடும் அதே ஷீட்தான். அதன் உள்ளே நீளவாக்கில் நுண்ணிய குழாய்கள் போன்ற இடைவெளிகள் இருக்கும். அந்தக் குழாய்கள் வண்டி ஓடும் திசையில் இருக்குமாறு ஷீட்டை வெட்டினார்கள். இதனால் மூன்று நன்மைகள் ஒரே பொருளில் கிடைத்தன. பேனலுக்கு மேடுபள்ளமற்ற சீரான அடித்தளம் கிடைத்ததால் அதிர்வு நின்றது. குழாய்களின் ஊடாகவும், கூரை மேடுகளுக்கு இடையிலான பள்ளங்களின் வழியாகவும் காற்று ஓடுகிறது. பேனலின் சூடு தகட்டுக்கு இறங்குவது குறைந்ததால் வண்டிக்குள்ளும் வெக்கை தணிந்தது. இந்த மூன்றாவது நன்மையை நான் எதிர்பார்க்கவே இல்லை. பேனல் உள்ள பகுதிக்கு அது பந்தல் போட்டதைப் போல ஆகிவிட்டது.

ஒட்டும் வேலையை அவர்கள் செய்த முறையை விரிவாகவே பாராட்ட வேண்டும். உரிந்த இடங்களைத் தகடு தெரியும்வரை தேய்த்து, பிரைமர் அடித்து, புதுப் பெயின்ட் அடித்து, அது முழுவதும் இறுகுவதற்காக ஒரு வாரம் வண்டியை நிறுத்தி வைத்தார்கள். பின்பு சோப்பு நீரால் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, கை படாமல் பார்த்துக்கொண்டார்கள். வாகனங்களுக்கென்றே வரும் பாலியூரிதேன் பசையை நெடுக்கில் இணைகோடுகளாக மட்டும் இட்டார்கள். பரப்பு முழுவதும் தடவவில்லை. இப்படி இட்டதால் இறங்கும் மழைநீர் பின்பக்கமாக வடிகிறது. முன் ஓரத்தை மட்டும், காற்று அடியில் புகுந்து தூக்காதபடி, சரிவாகச் சீலன்ட் இழுத்து மூடினார்கள். ஷீட்டின் குழாய்களை மட்டும் அடைக்காமல், காற்றை விட்டுப் பூச்சியையும் தூசியையும் தடுக்கும் துளை நாடாவைப் போட்டார்கள். அழுத்தத்துக்கு மணல் மூட்டைகளை அடுக்கியபோது, ஒரே இடத்தில் பாரம் விழாதபடி அடியில் பலகை வைத்ததையும் கவனித்தேன். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகுகிறது. வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர்தான் இறுகும். ஆகவே அவர்கள் கேட்ட நான்கு நாள் காத்திருப்பு நியாயமானதே. அவசரமாக வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறுபவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது.

இரண்டாம் முறை வாங்கிய பேனலின் மேலுறை இ.டி.எஃப்.இ. என்னும் ஃபுளோரோ பாலிமர் வகைப் பிளாஸ்டிக். முதலில் வாங்கியதில் இருந்தது பெட் எனப்படும் சாதாரண பிளாஸ்டிக் உறை. புற ஊதாக் கதிரில் மஞ்சளாகி உரிந்தது அதுதான். கடையில் பார்க்கும்போது பெட் உறை பெரும்பாலும் வழவழவென்று பளபளக்கும், இ.டி.எஃப்.இ. உறை பெரும்பாலும் மங்கலாக, நுண்ணிய புள்ளிகள் பொறித்ததுபோல் இருக்கும். விலையில் ஒன்றுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குமேல் வேறுபாடு இருந்தது. அந்த வேறுபாட்டைத் தயங்காமல் கொடுக்கலாம் என்றே சொல்வேன். இரண்டு கோடைகளுக்குப் பின்னும் உறையில் நிறமாற்றம் இல்லை. தென்காசிப் பக்கம் காகங்கள் அசுத்தம் செய்த இடங்கள்கூட ஈரத்துணியால் துடைத்ததும் போய்விட்டன.

மின் இணைப்பில் செய்த ஒரு மாற்றத்தையும் குறிப்பிட வேண்டும். முதல் முறை இரு பேனல்களையும் பக்க இணைப்பில் கொடுத்திருந்தார்கள். அதில் மொத்த வோல்ட் ஒரு பேனலின் அளவாகவே இருக்கும். வேலை செய்யும்போது ஒரு பேனல் தருவது 18 வோல்ட் அளவு. செல் சூடேறினால் அது 15 வோல்ட் அருகே இறங்கிவிடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி முழுதாக ஏற 14.2 வோல்ட்டாவது வேண்டும். வயரில் ஏற்படும் இழப்பையும் கழித்தால் மிச்சம் ஒன்றுமே இல்லை. மேலும், பேனலின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி சீர்செய்து தர நாங்கள் வைத்திருக்கும் விக்ட்ரான் ஸ்மார்ட்சோலார் 75/15 கன்ட்ரோலர், பேனலின் வோல்ட் பேட்டரியைவிட 5 வோல்ட் கூடுதலாக இருந்தால்தான் வேலையைத் தொடங்கும். நிழலில் நின்ற வண்டியை உச்சி வெயிலில் வெளியே எடுத்தபோது, சூடான பேனல்களால் கன்ட்ரோலர் சில நாட்கள் விழிக்காமலே இருந்ததன் காரணம் இப்போது விளங்குகிறது. இம்முறை, இரண்டின் வோல்ட்டும் ஒன்றுசேரும் தொடர் இணைப்பில் கொடுத்தோம். குளிர்ந்த காலையில் திறந்த நிலை வோல்ட், அதாவது மின்சாரம் எடுக்காதபோது இருக்கும் வோல்ட், 45 அளவுக்குப் போகிறது. கன்ட்ரோலர் தாங்கும் 75 வோல்ட்டுக்கு அது வெகு கீழே. மின்னோட்டம் பாதியாகக் குறைவதால் வயரில் இழப்பும் குறைவு. ஒரு பேனலில் நிழல் விழுந்தால், அதிலுள்ள பைபாஸ் டயோடு என்னும் சிறு பாகம் மற்றப் பேனலின் மின்னோட்டத்துக்கு மாற்றுவழி விட்டுவிடுகிறது. ஆனாலும் பக்க இணைப்பைவிட நிழலுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பாதிப்பு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியையும் அதன்பிறகே பேனலையும் இணைக்க வேண்டும் என்ற முறையைப் பட்டறையின் எலக்ட்ரீஷியன் தவறாமல் பின்பற்றினார். பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸும், பேனலைத் துண்டிக்க ஒரு தனி ஸ்விட்சும் வைத்துக்கொடுத்தார்.

இனி விளைவு. மாசி, பங்குனி மாதங்களில் நண்பகலில் இரண்டும் சேர்ந்து 165 வாட் வரை தருகின்றன, கத்திரியில் 150. ஒரு முழு நாளில் 800 வாட்-மணி அளவு சேர்கிறது. எங்கள் செலவும் ஏறக்குறைய அதுவே: குளிர்பெட்டிக்கு 480, இரவு முழுதும் ஓடும் மின்விசிறிக்கு 180, விளக்கு, கைபேசி, மடிக்கணினிக்கு 150. வெயில் இருக்கும்வரை வரவும் செலவும் சரியாக நிற்கின்றன. ஐப்பசி மழையில் 250 வாட்-மணிக்கு இறங்கிவிடும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் இன்ஜினை ஓட்டித்தான் ஏற்ற வேண்டும். பேனலின் வெப்பம் முன்பு 78 டிகிரி இருந்த இடத்தில், அதே மாதம் அதே நேரத்தில் 65ஐ ஒட்டி நிற்கிறது. வண்டி ஓடும்போது இன்னும் குறைகிறது.

ஐரோப்பியர்கள் எடுக்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, கூரையில் படுத்தபடி ஒட்டிய பேனல் சரிப்படாது என்று அஞ்சுபவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் நிலைமை வேறு. லண்டனில் மார்கழி நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். படுத்திருக்கும் பேனலுக்கு அது கிட்டத்தட்டப் பக்கவாட்டு வெளிச்சம். கோயம்புத்தூர் 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே மார்கழியிலும் சூரியன் 55 டிகிரிக்கு ஏறிவிடும், சித்திரையிலும் ஆவணியிலும் நேர் உச்சிக்கு வரும். சாய்வுக்காக நாம் கவலைப்பட வேண்டியதில்லை. அவர்கள் பெரிதாக எண்ணாத வெப்பம்தான் நமக்குரிய கவலை.

நிழல் விஷயத்தில் நம் பழக்கத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. தூங்குமூஞ்சி மரமோ புளியமரமோ கண்டால் வண்டியை அதன் அடியில் நிறுத்துவது நமக்குக் கைவந்த வழக்கம். இப்போது காலை பதினொன்று முதல் இரண்டு வரை வெயிலில் நிறுத்திவிட்டு, நாங்கள் மட்டும் மரத்தடியில் பாய் விரித்துக்கொள்கிறோம். என் மனைவிக்கு இதில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை. சமையல் மேடை சூடாகிவிடுகிறது என்பது அவரது நியாயமான குறை.

பட்டறையின் மீது எனக்கும் குறைகள் உண்டு. சொன்ன நாளைவிட மூன்று நாள் தாமதமானது. கூரையிலிருந்து வயர் உள்ளே இறங்கும் துளைக்கு நீர் புகாதபடி போடும் கிளாண்டை முதலில் நடுக் கூரையில், நீர் தேங்கும் பள்ளத்தில் வைத்துவிட்டார்கள். நான் சொன்ன பிறகே பின்பக்கச் சரிவுக்கு மாற்றினார்கள். வயர்களில் எது எங்கே போகிறது என்ற அடையாளச் சீட்டு ஒன்றுகூட ஒட்டவில்லை. பேனல் ஒவ்வொன்றும் 9,800 ரூபாய், ஷீட்டும் பசையும் பிற பொருள்களும் 4,600 ரூபாய், பெயின்ட் உட்படக் கூலி 7,500 ரூபாய் என மொத்தம் 31,700 ரூபாய் ஆனது. கூலியை அதிகம் என்று சொல்ல மாட்டேன்.

தட்டையான, அகலமான கூரை உடையவர்கள், துளையிடத் தயங்காதவர்கள், உயரத்தடை இல்லாத சாலைகளில் போகிறவர்கள் கண்ணாடிப் பேனலையே வாங்கட்டும். விலை ஏறத்தாழப் பாதி. திறன் உத்தரவாதம் 25 ஆண்டு வரை கிடைக்கிறது. எங்கள் பேனலுக்கு எழுத்தில் கிடைத்தது மூன்றே ஆண்டு. ஃபைபர் கூரை உடையவர்கள் வளையும் பேனலை நேரடியாக ஒட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. விரிசல் விழுந்த செல் சூடேறும்போது இரும்புத் தகடு அந்தச் சூட்டைப் பரப்பிவிடும், ஃபைபர் அப்படிச் செய்யாது. வளைந்த இரும்புக் கூரையும் எடைக் கட்டுப்பாடும் உள்ளவர்களுக்கு, இ.டி.எஃப்.இ. உறை, அடியில் காற்று, சீரான அடித்தளம், உறுதியான பெயின்ட் என்ற நான்கும் அமைந்தால் மட்டும் இதைப் பரிந்துரைக்கிறேன். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

கடந்த ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவிலுக்குப் போனோம். காற்றாலைகள் வரிசையாக நிற்கும் அந்த இடத்தில், எதிர்க்காற்றில் வண்டியே பக்கவாட்டில் அசைந்தது. அன்று மாலை ஏணி போட்டு ஏறி, ஓரங்கள் முழுவதையும் விரலால் அழுத்திப் பார்த்தேன். இடப்பக்கப் பேனலின் பின் மூலையில் மட்டும், பசைக் கோடு முடியும் இடத்தில், இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு விரல்நகம் நுழையும் அளவு இடைவெளி விட்டிருந்தது. மற்ற இடங்களில் அசைவில்லை. அந்த மூலையைப் படமெடுத்துப் பட்டறைக்கு அனுப்பினேன். அடுத்த முறை கரூர் வழியாக வரும்போது காசு வாங்காமல் சரிசெய்து தருவதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார்.